ஒளிரும் ஆடைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி ஆண்டு விழாவில் மின்மினி நடனம். சிறுமிகளின் பாவாடையில் ஆளுக்கு எட்டு எல்.இ.டி. வைக்க வேண்டும். போன ஆண்டு ஒயர் வைத்துத் தைத்தோம், மேடையிலேயே அறுந்துவிட்டது. இந்த முறை மின்கடத்து நூலால் தைத்தால் சரிவருமா?
— ஓர் ஆசிரியை, நாமக்கல்

ஒயரையே வையுங்கள். ஒயர் அறுந்ததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, உள்ளே ஒற்றைக் கம்பி உள்ள ஒயராக இருந்திருக்கும். திரும்பத் திரும்ப மடங்கினால் அது முறிந்துவிடும். இன்னொன்று, சால்டர் வைத்த இடத்தில் இழுவை விழுந்திருக்கும். ஈயம் ஒயருக்குள் ஊறிப்போன பகுதி குச்சிபோல விறைப்பாகிவிடும். அந்த விறைப்பு முடிந்து மென்மையான ஒயர் தொடங்கும் இடத்தில்தான் முறிவு வரும்.

சிலிகான் உறை போட்ட பல இழை ஒயர், 28 அல்லது 30 கேஜ் (ஒயரின் தடிமன் எண்) வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பாவாடைத் துணியில் நேரடியாகத் தைக்க வேண்டாம். பாவாடைக்குள் போடும் அளவில் ஒரு நெட் துணி வெட்டி, விளக்கு எல்லாவற்றையும் அதில் பொருத்தி, இடுப்புப் பட்டியில் ஐந்தாறு பிரஸ் பட்டனால் மாட்டுங்கள். விழா முடிந்ததும் நெட்டைக் கழற்றிவிட்டுப் பாவாடையைத் துவைக்கலாம். வெளித்துணியின் வழியாக வரும்போது வெளிச்சமும் கண்ணைக் குத்தாமல் பரவும்.

இரண்டு ஒயர்கள் நெட்டைச் சுற்றி ஓடட்டும், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். ஒவ்வொரு எல்.இ.டி.யும் அதனதன் ரெசிஸ்டரோடு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) இந்த இரண்டுக்கும் குறுக்கே இணைய வேண்டும். மூன்று ஏ.ஏ.ஏ. பேட்டரி போட்டால் 4.5 வோல்ட். ஒரு விளக்குக்கு 5 மில்லிஆம்பியர் தாராளம். மேடை இருட்டாக இருந்தால் அதற்கு மேல் தேவையே இல்லை. சாதாரண மஞ்சள், சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் கேட்கும், மீதி 2.5 வோல்ட்டை 470 ஓம் ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். வெள்ளை, நீலம் 3 வோல்ட் கேட்பதால் அவற்றுக்கு 330 ஓம். எட்டு விளக்குக்கு 40 மில்லிஆம்பியர். ஒத்திகை, விழா இரண்டுக்கும் ஒரே செட் ஆல்கலைன் பேட்டரி போதும்.

ஒவ்வொரு இணைப்பின் மேலும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். பிறகு இணைப்பின் இரு பக்கமும் ஒரு செ.மீ. தள்ளி ஒயரை நூலால் நெட்டோடு கட்டுங்கள். இழுத்தால் அந்தக் கட்டு இழுபடும், சால்டர் இழுபடாது. போன ஆண்டுத் தோல்விக்கு முக்கியமான மருந்து இதுதான். இடுப்பருகே ஒயரை நேராக ஓட்டாமல் பாம்பு நெளிவாக விட்டுத் தையுங்கள். குழந்தை உட்கார்ந்து எழும்போது அந்த நெளிவு நீண்டு கொடுக்கும்.

பொத்தான் வடிவக் காயின் பேட்டரி வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரியும் சிறுவர் உடையில் கூடாது. மூடியும் திருகும் உள்ள ஏ.ஏ.ஏ. பெட்டியை, தோலில் படாதபடி இடுப்பில் துணிப்பையில் வையுங்கள்.

நேரம் குறைவு என்றால், கடையில் விற்கும் மெல்லிய செப்புக்கம்பி சீரியல் லைட்டை வாங்கி நெட்டின்மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். இரண்டு மணி நேர வேலை. அந்தக் கம்பியின்மேல் உள்ள வார்னிஷ் பூச்சுதான் அதன் காப்பு. ஊசியால் குத்திக் கீறாமல், கம்பியைச் சுற்றி மட்டும் நூலை எடுங்கள்.

மின்கடத்து நூலால் ஒரு பையில் சிவப்பு, பச்சை, வெள்ளை எல்.இ.டி.க்களைத் தைத்தேன். பேட்டரி சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் காயின் பேட்டரி. சிவப்பு மட்டும் எரிகிறது. வெள்ளையைத் தனியாக வைத்தால் எரிகிறதே, ஏன்?
— பொறியியல் மாணவி, ஈரோடு

இரண்டு குற்றவாளிகள். முதலாவது, சிவப்பு. எல்லாவற்றையும் ரெசிஸ்டர் இல்லாமல் ஒரே ஜோடி நூலில் இணைத்திருக்கிறீர்கள். சிவப்பு 2 வோல்ட்டிலேயே திறந்துகொண்டு மின்னோட்டத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். காயின் பேட்டரியின் உள்தடை கொஞ்சம் அதிகம் என்பதால் அதன் வோல்ட் கீழே சரியும். 3 வோல்ட் கேட்கும் வெள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, நூல். மூன்று புரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூலுக்கு மீட்டருக்குச் சுமார் 33 ஓம் தடை. விளக்கு 60 செ.மீ. தள்ளி இருந்தால் போக 20, வர 20, மொத்தம் 40 ஓம். அதில் 20 மில்லிஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட் நூலிலேயே கரைந்துவிடும். செப்பு ஒயரில் இந்தக் கணக்கைப் போடவே தேவையில்லை. நூலில் போடாமல் இருக்க முடியாது.

ஆகவே, ஒரே நிறமாகத் தையுங்கள். பல நிறம்தான் வேண்டும் என்றால் 4.5 வோல்ட்டும் தனித்தனி ரெசிஸ்டரும். பேட்டரியை விளக்குகளுக்கு நடுவில் வையுங்கள். எல்.இ.டி. காலை வளையமாக மடக்கி, அதன் வழியே நூலை மூன்று நான்கு முறை இறுக்கிச் சுற்றுங்கள். ஒரே சுற்று என்றால் பை ஆடும்போது விளக்கு மினுக்கும். முடிச்சுப் போட்ட பின் வால் நூலை ஒட்ட நறுக்கி, ஒரு சொட்டு நகச்சாயம் வையுங்கள். வெட்டிய ஸ்டீல் நூல் நுனி பஞ்சாகப் பிரியும், அந்த மயிரிழை பக்கத்து நூலைத் தொட்டாலே ஷார்ட். இந்த நூலைத் தையல் மெஷினில் மேல் நூலாகப் போட்டால் அடிக்கடி சிக்கும், பாபினில் போடுங்கள்.

ஜரிகையும் உலோகம்தானே? பட்டுப்புடவைக் கரையிலேயே மின்சாரம் பாய்ச்சி விளக்கு எரிய வைக்க முடியாதா?
— நெசவாளர், காஞ்சிபுரம்

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. மின்னணு ஆடை ஆராய்ச்சியின் தொடக்கமே இங்கேதான் தொடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் 1990-களின் இறுதியில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் முதலியோர் துணியாலேயே விசைப்பலகை செய்தபோது கையில் எடுத்தது உலோகப் பட்டு ஆர்கன்சா என்ற மெல்லிய துணி. பாவு, அதாவது நீளவாட்டு நூல், வெறும் பட்டு. ஊடு, அதாவது குறுக்குவாட்டு நூல், மெல்லிய செப்புத் தகடு சுருளாகச் சுற்றிய பட்டு நூல். இந்தியாவில் நூறாண்டுக்கு மேலாக நெய்யப்படும் துணி வகை அது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஊடு மட்டும் உலோகம் என்பதால் மின்சாரம் ஒரு திசையில் மட்டும் ஓடும். ஒவ்வொரு ஊடும் தனி ஒயர் போல. இரண்டு துண்டுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவே துளையிட்ட நெட் துணியைக் கொடுத்தால், விரல் அழுத்தும் இடத்தில் மேல் ஊடும் கீழ் ஊடும் தொட்டுக்கொள்ளும். விசைப்பலகை தயார்.

உங்கள் ஜரிகைக்கு வருவோம். அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றி, பொன் முலாம் ஏற்றியிருக்கும். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரின் இரு முனையையும் ஒரு இழையில் பத்து செ.மீ. தள்ளி வைத்துப் பாருங்கள், மின்சாரம் கடக்கும். பாலியஸ்டர் பிலிமில் செய்த பிளாஸ்டிக் ஜரிகையில் மேலே வார்னிஷ் பூச்சு இருப்பதால் மீட்டர் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.

ஆனால் கரையில் ஜரிகை இழைகள் ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கின்றன. மின்சாரத்துக்கு முழுக் கரையும் ஒரே தகடு. பிளஸும் மைனஸும் ஒரே கரையில் வைத்தால் நேரே ஷார்ட் ஆகி பேட்டரி கொதிக்கும். முந்தைய கேள்விக்காரர்களும் கவனிக்க: ஜரிகைக் கரையின்மேல் உறையில்லாத நூலோ கம்பியோ ஓடக்கூடாது. செய்து பார்க்க ஆசை என்றால் தறியிலேயே தொடங்குங்கள். மேல்கரையில் ஒன்றும் கீழ்க்கரையில் ஒன்றுமாக ஜரிகை, உடலில் வெறும் பட்டு என்று ஒரு முழம் மாதிரி நெய்து, இரு கரைக்கும் குறுக்கே உறை போட்ட ஒயரில் எல்.இ.டி.யை இணையுங்கள். வேர்வையிலும் காற்றிலும் வெள்ளி கறுக்கும் என்பதால் இதை உடுத்துவதைவிடச் சுவரில் தொங்கவிடும் படைப்பாக நினைத்துச் செய்யலாம்.

பழனி பாதயாத்திரைக்கு எங்கள் குழு இரவில் நடக்கிறது. இருட்டில் ஒளிரும் பனியன் என்று ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு பக்தர், மதுரை

பாதுகாப்புக்காக என்றால் வாங்காதீர்கள். அந்தப் பனியனில் இருப்பது பகலில் ஒளியை வாங்கி இருட்டில் மெல்லக் கக்கும் பொடி, நல்லதாக இருந்தால் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். இருட்டு அறையில் பளிச்சென்று தெரியும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓட்டுநர் கண்ணுக்கு அது இருப்பதே தெரியாது.

உங்களுக்கு வேண்டியது ரிஃப்ளெக்டர் டேப். அதில் பதிந்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே, அதாவது ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. பேட்டரி வேண்டாம், பழுதாகாது. ஐ.எஸ். 15809 என்ற இந்தியத் தர எண் போட்ட ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது ஒரு சோதனை: கடையின் இருட்டு மூலையில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு இருபது அடி தள்ளி நில்லுங்கள். போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்து அடியுங்கள். டேப் வெள்ளையாகக் கொதித்துத் தெரிய வேண்டும். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெறும் வெள்ளிப் பூச்சு.

நெஞ்சில் மட்டும் ஒட்டினால் ஓட்டுநருக்கு அது ஒரு மைல்கல் மாதிரியும் தெரியலாம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டில் டேப் சுற்றினால் நடையின் அசைவு தெரியும். அப்போது ஓட்டுநர்கள் 'இது மனிதர்' என்று இன்னும் தொலைவிலேயே அடையாளம் காண்கிறார்கள் என்று சாலைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கணுக்காலுக்கு ஆளுக்கு இரண்டு பட்டை, அதற்குத்தான் முதல் செலவு. விளக்கு விட்டுப்போன வண்டிக்காக, குழுவின் கடைசியில் நடப்பவர் முதுகில் ஒரு சிவப்பு எல்.இ.டி. இருக்கட்டும். காவி, மஞ்சள் வேட்டி இரவில் உதவாது.

தனித்தனி விளக்காக இல்லாமல் துணியே ஒளிர வேண்டும். அது முடியுமா? எங்கள் ஊரில் அதற்கு எதிர்காலம் உண்டா?
— பின்னலாடை நிறுவனத்தில் பணிபுரிபவர், திருப்பூர்

முடிகிறது. இப்போதைக்கு மூன்று வழிகள்.

பழைய வழி ஒளியிழை. 0.25 முதல் 0.75 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் இழையைத் துணியோடு நெய்து, பக்கவாட்டில் நுண்ணிய கீறல்கள் போடுவார்கள். முனையில் எல்.இ.டி. வைத்தால் கீறல் வழியே வெளிச்சம் கசியும். துணிக்குள் மின்சாரமே கிடையாது என்பதுதான் இதன் அழகு. 2016-ல் நியூயார்க் மெட் காலா விழாவில் நடிகை கிளேர் டேன்ஸ் அணிந்த, ஸாக் போசன் வடிவமைத்த கவுன் இந்த வகைதான். உள்ளே 30 சிறு பேட்டரிப் பெட்டிகள். மஞ்சள்காமாலை வந்த பச்சைக்குழந்தைகளுக்கு நீல ஒளி தரும் மருத்துவமனைப் போர்வையும் இதே தத்துவம்தான்: விளக்குப் பெட்டி வெளியே, ஒளி மட்டும் குழந்தையின் அடியில். மடித்தால் இழை ஒடியும். ஒடிந்த புள்ளி பளிச்சென்று தெரியும், அதற்கப்பால் இருட்டு. இஸ்திரி போட்டால் உருகும்.

இரண்டாவது, ஈ.எல். (எலக்ட்ரோலூமினசென்ட்) ஒயர், மின்சாரம் கொடுத்தால் தானே ஒளிரும் கம்பி. செப்புக்கம்பிமேல் துத்தநாக சல்ஃபைடு பூச்சு, அதைச் சுற்றி முடிபோன்ற கம்பி. நூறு வோல்ட் அளவில் ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) கொடுத்தால் பூச்சு ஒளிரும். அதற்கான இன்வெர்ட்டர் கொசு மாதிரி ரீங்காரமிடும். வெட்டிய முனையை மூடாவிட்டால் சுரீரென்று அடிக்கும். ஈரம் புகுந்தால் ஒளி மங்கும்.

மூன்றாவதுதான் நெசவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. 2021 மார்ச்சில் ஷாங்காய் ஃபுடான் பல்கலைக்கழகத்தின் பெங் ஹுய்ஷெங் குழு 6 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலமுள்ள காட்சித் துணி ஒன்றை வெளியிட்டது. பாவு, துத்தநாக சல்ஃபைடு பூசிய வெள்ளி முலாம் நூல். ஊடு, ஒளி ஊடுருவும் மின்கடத்து இழை. பாவும் ஊடும் சந்திக்கும் ஒவ்வொரு குறுக்கும் ஒரு விளக்கு, சுமார் 0.8 மி.மீ. இடைவெளியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் விளக்குகள். நூறு முறை துவைத்தும் பெரும்பாலும் அப்படியே எரிந்தன. யாரும் விளக்கைக் கொண்டுபோய்த் துணியில் பொருத்தவில்லை. நெய்த நெசவே விளக்கை உண்டாக்கியது. அதனால்தான் இதை முக்கியமாக நினைக்கிறோம்.

கவனியுங்கள், இது பாவு–ஊடு நெசவு. பின்னலாடையில் ஒரே நூல் வளையம் வளையமாகப் போவதால் இந்தக் குறுக்குச் சந்திப்பே கிடையாது. வளையம் இழுபடும்போது பூச்சும் விரியும். ஆகவே திருப்பூருக்கு இன்றைக்கு உடனே கைவரக்கூடியது வேறு: பின்னல் துணியில் ஒயர் ஓடத் தனிக் குழல் விட்டுத் தைப்பது, கழற்றி மாட்டும் இணைப்பான், பேட்டரிப் பை. இவற்றைச் சரியாகத் தைத்துக் கொடுக்க ஆள் குறைவு. லீவைஸும் கூகுளும் சேர்ந்து 2017-ல் விற்ற 350 டாலர் ஜாக்கெட்டில் கைப்பட்டியில் தொடு உணர் நூல் நெய்திருந்தது. மின்னணுப் பகுதியைக் கழற்றிவிட்டுத் துவைத்தாலும் உத்தரவாதம் பத்துத் துவைப்புக்குத்தான்.

இப்படித் தைத்த உடையை எப்படித் துவைப்பது?
— பலர்

பேட்டரியைக் கழற்றுங்கள். ஆறிய தண்ணீரில் கொஞ்சம் சோப்பு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, கையால் அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, மெஷினின் சுழல் கூடாது, கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனர் கூடாது. கல்லில் அடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். துண்டில் வைத்து உருட்டித் தண்ணீரை எடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்பி ஒரு முழு நாள் உலரவிடுங்கள். துணி காய்ந்த பிறகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு பேட்டரியை மாட்டினால் இணைப்பில் பச்சைப் பாசிபோலச் செப்புக் களிம்பு ஏறி, அடுத்த மாதம் விளக்கு அணையும். மாட்டும் முன் பேட்டரி இணைப்பின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.