திருப்பி அனுப்புகிற அதிகாரம்

அன்புள்ள ஐயா,
எங்கள் ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா, எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளை வகித்தாலும் தகுதி இழக்காதபடி விலக்குத் தந்த ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியும் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. இலங்கை ஜனாதிபதியாக இருந்த ராஜபக்சேயோ, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட தங்கச்சிமடம் மீனவர் ஐந்து பேரையும் 2014-ல் ஒரே உத்தரவில் விடுவித்தார். நமக்கும் அப்படியொரு ஜனாதிபதி வேண்டாமா? ஆளுநர் பதவியும் எதற்கு?
— ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பி,

அடுத்த ஊர் ஆட்கள் உயிரோடு வந்து இறங்கியதைப் பார்த்தவருக்கு அந்த உத்தரவு பெரிதாகத்தான் தெரியும். அதற்காக அந்தப் பதவியையே இங்கே கேட்காதீர்கள். மன்னிக்கும் அதிகாரம் நம் ஜனாதிபதிக்கும் அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவில் உண்டு, அமைச்சரவை ஆலோசனைப்படி. அங்கே 1978-ல் ஜெயவர்த்தனே உண்டாக்கிய பதவியின் அதிகாரத்தை 2010-ல் கூட்டினார்கள், 2015-ல் குறைத்தார்கள், 2020-ல் கூட்டினார்கள், 2022-ல் குறைத்தார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாற்றித் தைக்கிற சட்டையா அரசியல் சட்டம்?

கலாம் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. வேறு என்ன செய்திருக்க வேண்டும் அவர்? 111-ஆவது பிரிவைப் படித்துவிட்டா எழுதினீர்கள்? திருப்பி அனுப்பிய மசோதாவை இரு அவைகளும் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. எல்லா மாநிலத்துக்கும் பொருந்துகிற நியாயமான அளவுகோல் வேண்டும் என்று 2006 மே மாதம் திருப்பி அனுப்பினார். மாற்றமில்லாமல் வந்தது. அப்போதும் உடனே போடவில்லை. ஆதாயப் பதவியை ஆராய நாடாளுமன்றக் கூட்டுக் குழு என்று முடிவான பிறகு, ஆகஸ்டில்தான் போட்டார்.

அமைச்சரவை ஆலோசனை விஷயத்தில் இந்த உரிமைகூட முதலில் எழுத்தில் இல்லை. அமைச்சரவை ஆலோசனை சொல்லும் என்றது 74-ஆவது பிரிவு. ஜனாதிபதி கேட்டே ஆக வேண்டுமா என்பதைச் சொல்லவில்லை. ராஜேந்திர பிரசாத் 1960-ல் அதைப் பொதுமேடையிலேயே கேட்டார். கட்டுப்பட்டவர்தான் என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலே, பிரதமரின் கடிதத்தை வைத்து பக்ருதீன் அலி அகமது நெருக்கடிநிலைக்குக் கையெழுத்திட்டார். அமைச்சர்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். 1976-ல் 42-ஆவது திருத்தம், ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று எழுதி, ஜனாதிபதியை இன்னும் இறுக்கிக் கட்டியது. 1978-ல் 44-ஆவது திருத்தம் இரண்டு காரியம் செய்தது: நெருக்கடிநிலைக்கு அமைச்சரவை முடிவு எழுத்தில் வர வேண்டும், எந்த ஆலோசனையையும் ஜனாதிபதி ஒரு முறை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம்.

ஒரு முறைதானே என்று அலட்சியம் வேண்டாம். 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்கச் சொன்ன பிரதமர் குஜ்ரால் அமைச்சரவையின் பரிந்துரையை ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. மறுபடி அனுப்பியிருந்தால் அவர் ஏற்றே ஆக வேண்டும். ஆனால் கோப்பு திரும்பியது ஊருக்கே தெரிந்துவிட்டது. அதையே இன்னொரு தடவை அனுப்புகிறவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும், கூட்டணிக் கட்சிகளுக்கும் சேர்த்து.

ஆளுநர் பற்றிக் கேட்டது வேறு கதை, இன்னொரு நாள்.

111-ல் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அதில் நாள் கெடு இல்லை. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்த 1986 தபால் மசோதாவை அப்போதைய ஜனாதிபதி ஜெயில் சிங் ஒப்புதலும் தராமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை.