செயற்கைக்கோள் தொலைபேசித் துறையை நம்பிப் படிக்கலாமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பொறியியலில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் செயற்கைக்கோள் தொலைபேசித் துறைக்குத்தான் செல்வேன் என்று உறுதியாக இருப்பதாகவும், விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே உள்ள ஒரு துறையை நம்பலாமா என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அச்சம் நியாயமானதே. ஆயினும் அந்த நிறுவனங்கள் எதில் வேறுபடுகின்றன என்று பார்த்தால், அவர் எதில் ஆழமாகப் பயில வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

வேறுபாடு உயரத்தில் தொடங்குகிறது. இன்மார்சாட், துராயா ஆகிய நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் வானில் ஒரே இடத்தில் நிற்பவைபோல் தோன்றும். ஒரே செயற்கைக்கோள் பூமியின் மூன்றில் ஒரு பங்கைப் பார்க்கும் என்றாலும், துருவப் பகுதிகள் அதன் பார்வைக்கு எட்டுவதில்லை. குரல் மேலே சென்று கீழே வருவதற்குக் கால் நொடி ஆவதால், கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை நொடி காத்திருக்க வேண்டும். சில செயற்கைக்கோள்களையே நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தும் சிறிதன்று: 2024இல் துராயா-3 பழுதானபோது ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் பெரும்பகுதியில் அதன் சேவை நின்றுபோனது.

மாறாக, இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிய பாதையில், ஏறத்தாழ 100 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒரு செயற்கைக்கோள் பயனாளரின் வானில் சில நிமிடங்களே தென்படுவதால், அழைப்பு அறுபடாமல் அடுத்ததற்குக் கைமாற வேண்டும். அதோடு, அவை தமக்குள்ளேயே நேரடியாகப் பேசிக்கொள்வதால், நடுக்கடலிலிருந்து செய்யும் அழைப்பும் விண்வெளியிலேயே தாவித்தாவி, அதைத் தரைவழித் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் தொலைதூரத் தரைநிலையத்தை அடைந்துவிடுகிறது. குளோபல்ஸ்டார் சுமார் 1,414 கிலோமீட்டர் உயரத்தில் இயங்கினாலும், அதன் செயற்கைக்கோள்கள் பெற்ற சிக்னலை அப்படியே தரைக்குத் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தவை. பயனாளரும் தரைநிலையமும் ஒரே நேரத்தில் ஒரே செயற்கைக்கோளின் பார்வைக்குள் இல்லையென்றால் இணைப்பே கிடையாது. அமைப்பு எளிது, பரப்பு குறைவு. என் கணிப்பில், மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது இரிடியத்துக்கும் குளோபல்ஸ்டாருக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான். ஏனெனில் ஒன்றில் சிக்கல் விண்ணில் இருக்கிறது, மற்றொன்றில் தரையில் இருக்கிறது, வேலைகளும் அதற்கேற்பவே பிரிகின்றன.

நிறுவனம் திவாலானால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இரிடியம் 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கி, 1999 ஆகஸ்டிலேயே திவால் மனு கொடுத்தது உண்மைதான். தொழில்நுட்பம் தோற்றதால் அது நேரவில்லை. கைக்கருவியின் விலையும் கட்டணமும் எட்டாத உயரத்தில் இருக்க, சாதாரணக் கைப்பேசிச் சேவை அதற்குள் எங்கும் பரவிவிட்டது. பின்னர் கைமாறி மீண்ட அதே அமைப்பு, 2017 முதல் 2019 வரை புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களை ஏவியது. கைப்பேசித் தொழில்நுட்பத்துக்கான உலகத் தரநிலைகளை வகுக்கும் கூட்டமைப்பு 3ஜிபிபி. 2022இல் இறுதிவடிவம் பெற்ற அதன் தரநிலையின் 17ஆம் வெளியீடு, செயற்கைக்கோள் இணைப்பைக் கைப்பேசி வலையமைப்பின் ஓர் அங்கமாகவே சேர்த்துக்கொண்டுள்ளது. எனவே இத்துறையின் வேலை இனித் தனி நிறுவனங்களோடு நின்றுவிடாமல் சிப், ஆன்டெனா, வலையமைப்பு மென்பொருள் நிறுவனங்களிலும் பரவும் என்றே கருதுகிறேன்.

ஆகவே, பெயரிலேயே 'செயற்கைக்கோள்' என்று இருக்கும் குறுகிய படிப்புகளில் இப்போதே அவரைச் சேர்க்க வேண்டாம். ஆன்டெனா, டிஜிட்டல் தொடர்பியல், சிக்னல் பிராசஸிங், நிரலாக்கம் ஆகிய நான்கிலும் அடித்தளம் உறுதியாக இருந்தால், விண்வெளி நிறுவனம் அழைக்காவிட்டாலும் தரைவழித் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைக்கும்.

அவருடைய ஆர்வத்தின் ஆழத்தை அறிய ஒரு சிறு பணியைக் கொடுத்துப் பாருங்கள். செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் இரிடியம் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து செல்லும்போது அதன் வேகத்தால் சிக்னலின் அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்று கணித்து, வரைபடமாக்கச் சொல்லுங்கள். 1.6 கிகாஹெர்ட்ஸ் அளவிலான சிக்னலில் அந்த விலகல் 30 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். அதைக் கைக்கருவி எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்ற கேள்வி அவருக்குத் தானாகவே எழுந்தால், இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு கணினி போதும். பயிற்சி வகுப்புக்குத் தாங்கள் பணம் கட்டத் தேவையில்லை.