மலையேறத் தண்ணீர் பாட்டில்: காந்தத்தை நம்பி ஸ்டீல் வாங்காதீர்கள்

"அடுத்த மாதம் மகளுடன் இரண்டு நாள் மலையேற்றம் போகிறேன். வெயிலில் சூடானால் பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கும் தண்ணீர் விஷமாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். ஸ்டீல் வாங்கலாம் என்றால் கையில் எடுக்கும்போதே கனக்கிறது. எதை வாங்குவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பயம். நல்ல தண்ணீர் கிடைக்காத இடங்களில், தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, சுள்ளென்ற வெயிலில் 6 மணி நேரம் கிடத்திக் கிருமிகளைக் கொல்வார்கள். உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட முறை இது. ஒரு பகல் வெயிலுக்கே தண்ணீர் விஷமாகும் என்றால் இதை ஏற்பார்களா? ஆகவே, நடக்கும்போது படும் வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். பூட்டிய காரில் வாரக்கணக்கில் வெந்து கிடந்த தண்ணீர் வேறு கதை, அதைக் கொட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக்கில் நீங்கள் பார்க்க வேண்டியது, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண். 2 அல்லது 5 என்றிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 7 என்றால் 'மற்றவை' என்று மட்டும்தான் பொருள். பிபிஏ (உடலின் ஹார்மோன்களைக் குழப்பும் என்று அஞ்சப்படும் வேதிப்பொருள்) உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் 7, அது இல்லாத டிரைட்டான் பிளாஸ்டிக்கும் 7. பாதுகாப்பைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்த எண்ணால் என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் பால் பாட்டிலில் பிபிஏவை 2011-இல் தடை செய்தது. உணவைத் தொடும் மற்ற பொருட்களுக்கும் அந்தத் தடையைக் கொண்டுவர 2024 டிசம்பர் வரை ஆனது. பெரியவர்கள் குடிக்கும் தண்ணீர் என்ன தள்ளுபடிச் சரக்கா? சரி, டிரைட்டான் என்று பெயர் போட்டிருந்தால் மட்டும் 7-ஐ எடுங்கள்.

ஸ்டீலில்தான் ஏமாற்று அதிகம். கடைக்காரர் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பாட்டிலில் வைப்பார். அது வழுக்கி விழும். "பாருங்க, ஒட்டலை. அசல் 304" என்பார். 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த எஃகு. 201 என்று மலிவான ஒரு வகை உண்டு. விலை கூடிய நிக்கலைக் குறைத்து அதில் மாங்கனீசைச் சேர்க்கிறார்கள், துரு சீக்கிரம் பிடிக்கும். அந்த 201-லும் காந்தம் ஒட்டாது! அசல் 304-இலோ, கழுத்து மாதிரி அழுத்தி வளைத்த இடங்களில் லேசாக ஒட்டவும் செய்யும். காந்தம் எதையுமே நிரூபிக்கவில்லை. நானும் ஒரு முறை அதை நம்பி வாங்கினேன். நான்காம் மாதம் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், வெல்டிங் கோட்டை ஒட்டிக் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் நம்ப முடியாது, அச்சு இருந்தால் யாரும் பொறிக்கலாம். பில்லில் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தக் கடை வேண்டாம்.

அலுமினியம் வேண்டாம். உள்பூச்சு கீறிப்போனது வெளியே தெரியாது.

இனி கனம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. சூடு காக்கும் இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் அதற்கு மேல் அரைக் கிலோவை நெருங்கும். மலைக்கு அது தேவையில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் ஒற்றைச் சுவர் ஸ்டீல் ஒன்று, மீதித் தண்ணீருக்கெல்லாம் பிளாஸ்டிக். இதுதான் என் பதில்.

அந்த ஒரு ஸ்டீல் பாட்டில் எதற்கு என்பீர்கள். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால், அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடிய ஒரே பாட்டில் அதுதான். கவனியுங்கள், ஒற்றைச் சுவர் மட்டும்தான். இரட்டைச் சுவர் பாட்டிலை நெருப்பில் வைத்தால் நடுவில் அடைபட்ட இடம் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். வெளியே பார்த்து எது எதுவென்று தெரியவில்லையா? வெந்நீர் ஊற்றித் தொட்டுப் பாருங்கள். உடனே கை சுட்டால் ஒற்றைச் சுவர். சுடவில்லை என்றால் நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சந்தேகமாக இருந்தாலும் அப்படியே. ஒற்றைச் சுவரிலும் வெளியே பெயின்ட் அடித்தது ஆகாது. மூடியையும் வாஷரையும் கழற்றிவிட்டு, கழுத்துவரை நிரப்பாமல் வையுங்கள். கொப்புளம் விட்டுக் கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே 3 நிமிடம். இறக்கும்போது துணி இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம், கிளம்பும் முன்தினம் எல்லா பாட்டிலையும் நிரப்பி, பழைய செய்தித்தாள் மேல் இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் தாளில் ஈர வட்டம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். பைக்குள் மாற்றுத்துணிகளும் இருக்கும்.