காற்றாலை பக்கத்தில், சோலார் பின்னால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் காற்றாலையையும் சோலார் பண்ணையையும் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்து 700 மீட்டரில் காற்றாலை வருகிறது. "ஃபிரிட்ஜ் சத்தம் அளவுதான் இருக்கும்" என்கிறார்கள். நம்பலாமா?

டெசிபல் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம், ஆனால் காதுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஃபிரிட்ஜ் ஒரே சீராக ஓடும், பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். காற்றாலையின் இறக்கை ஒவ்வொன்றும் சுழன்று கீழே இறங்கும்போது 'வூஷ்' என்று ஏறி அடங்கும், அப்புறம் அடுத்த இறக்கை. அந்த ஏற்ற இறக்கம்தான் கவனத்தைப் பிடித்து இழுக்கிறது. இரவில் இன்னொன்றும் நடக்கும்: தரையில் ஒரு இலைகூட அசையாது, நூறு மீட்டர் உயரத்தில் மட்டும் காற்று நன்றாக அடிக்கும். பகலில் மரங்களின் சலசலப்பு மூடி வைத்திருந்த சத்தம் அப்போது தனியாகக் கேட்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் காற்றாலைக்கு 45 டெசிபல் என்று ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது. அது பகல், மாலை, இரவு மூன்றையும் சேர்த்து எடுக்கும் சராசரி. இரவுக்கென்று தனி எண் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கனடாவின் சுகாதாரத் துறை 1,238 வீடுகளில் செய்த ஆய்வின் முடிவுகள் 2014இல் வந்தன. காற்றாலைச் சத்தத்துக்கும் தூக்கக் கேட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை, ஆனால் சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடியது தெளிவாகத் தெரிந்தது. ஆக, எரிச்சல் உண்மை, அதை "மனப்பிரமை" என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அதே அளவு இயந்திரம் ஏற்கெனவே ஓடும் ஓர் இடத்துக்கு இரவு பதினோரு மணிக்கு மேல் போய், காற்று இயந்திரத்திலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில், அதே 700 மீட்டரில் அரை மணி நேரம் நில்லுங்கள். பகலில் கூட்டிப் போய்க் காட்டினால் அது கணக்கில் வராது. இரவில் இறக்கையின் கோணத்தைத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, சத்தம் குறைவாக ஓட்டும் முறை பெரும்பாலான புது இயந்திரங்களில் உண்டு. கொஞ்சம் மின்சாரம் குறையும் என்பதால் அவர்களாக முன்வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

காதுக்குக் கேட்காத ஒலி உடம்பைக் கெடுக்கும் என்கிறார்களே?

பின்லாந்தில் அரசு செய்வித்த ஆய்வு 2020இல் வெளியானது. காற்றாலையால்தான் உடம்பு கெட்டது என்று சொன்னவர்களையே ஆய்வகத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒலி இருக்கிறதா இல்லையா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, உடம்பிலும் தனி மாற்றம் தெரியவில்லை. தலைவலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும், டாக்டரைப் பாருங்கள்.

காலையில் அடுப்படிச் சுவரில் நிழல் விழுந்து விழுந்து மறைகிறது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

சூரியன் தாழ இருக்கும்போது இறக்கைகள் குறுக்கே போவதால் வருவது. நிமிடத்துக்கு 15 சுற்று என்றால், மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 45 முறை அறை இருண்டு வெளுக்கும். வலிப்பைத் தூண்டும் வேகம் இதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அந்த அறையில் நின்று வேலை செய்வது பெரும் தொல்லை, அதில் சந்தேகமே இல்லை. ஜெர்மனியில் ஒரு வீட்டின் மேல் இப்படி விழுவது கணக்குப்படி வருடத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளில் 30 நிமிடம், இதற்கு மேல் போகக் கூடாது. எந்த நாளில் எத்தனை மணிக்கு விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும், அந்த நேரத்தில் இயந்திரத்தைத் தானாக நிறுத்தவும் முடியும். எனவே தேதி, மணி, எந்த அறை என்று இரண்டு வாரம் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

சோலார் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லைதானே?

குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். பேனல் பிரதிபலிப்பைக் குறைக்கத்தான் மேலே பூச்சு பூசுகிறார்கள், இருந்தாலும் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் சில கோணங்களில் கண் கூசும். பகல் முழுக்க இன்வெர்ட்டரும் டிரான்ஸ்பார்மரும் 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும். வரைபடத்தில் அந்தப் பெட்டிகள் எங்கே என்று பாருங்கள், உங்கள் வேலியோரமாக இருந்தால் பண்ணையின் நடுவுக்குத் தள்ளச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன் இது சின்ன வேலை, கட்டிய பிறகு யாரும் அசைய மாட்டார்கள். மழையில் பேனலிலிருந்து விஷம் கரைந்து வருமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெரும்பாலான பேனல்கள் சிலிக்கான், கண்ணாடிக்குள் அடைபட்டவை. உடைந்ததை அங்கேயே குவித்து வைக்காமல் எடுத்துப் போகிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

நிலம் கொடுத்தவருக்குக் குத்தகைப் பணம். பார்த்துக்கொண்டு இருக்கிற எங்களுக்கு என்ன? கேட்டால் "நாட்டு நலனுக்கு எதிரி" என்கிறார்கள்.

எனக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் காற்றாலைக்கு 8 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் 1,705 பேரிடம் கருத்துக் கேட்டது. வேண்டாம் என்ற மனநிலையில் இருந்தவர்கள் 8 சதவீதம்தான், ஆனால் 800 மீட்டருக்குள் வந்தால் அது 25 சதவீதம். திட்டமிட்ட விதம் நியாயமாக இருந்தது என்று நினைத்தவர்கள் காற்றாலையையும் நல்லபடியாகவே பார்த்தார்கள். நானும் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். எழுந்து கத்துபவர்களில் பலருக்குக் காற்றாலை மேல் கோபமில்லை, எல்லாம் முடிவான பிறகு தங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்ததில்தான் கோபம். அது நியாயமான கோபம்.

டென்மார்க்கில் 2009இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: புதுக் காற்றாலையின் 20 சதவீதப் பங்கை, முதலில் 4.5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு விற்க முன்வர வேண்டும். பிற்பாடு அந்த முறையை மாற்றினார்கள், ஆனால் அண்டை வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் மாறவில்லை. ஜெர்மனியில் 2.5 கிலோமீட்டருக்குள் இருக்கும் உள்ளாட்சிகளுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 0.2 சென்ட் வரை நிறுவனம் கொடுக்கலாம். இப்படிக் கேட்பது பேராசை இல்லை. கூட்டத்தில் எழுந்து "எத்தனை வருடம், யாருக்கு, எவ்வளவு" என்று நேராகக் கேளுங்கள்.

வீட்டு மதிப்பு இறங்குமா?

மேலே சொன்ன லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சேர்ந்து அமெரிக்காவில் செய்த 2023 ஆய்வில், அறிவிப்பு வந்ததும் 1.6 கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளின் விலை 11 சதவீதம் வரை இறங்கி, ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில் பழைய நிலைக்கு வந்தது. அதுவும் மக்கள்தொகை அதிகமான மாவட்டங்களில்தான், கிராமப்புற மாவட்டங்களில் குறிப்பிடும்படியான இறக்கம் தெரியவில்லை. அவசரத்தில் விற்காதீர்கள்.

25 வருடம் கழித்து இதையெல்லாம் யார் கழற்றுவது?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கோபுரம் இரும்பு, பழைய விலைக்காவது போகும். இறக்கை கண்ணாடி இழை, மறுசுழற்சி செய்வது கடினம். அடியில் கிடக்கும் கான்கிரீட் அஸ்திவாரத்தைப் பல ஒப்பந்தங்களில் மேலே ஒரு மீட்டர் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு மண் மூடிவிடுவார்கள், மீதி உங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கும். அதற்குள் கம்பெனி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். அதனால் கழற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் முதல் வருடத்திலிருந்தே இருக்க வேண்டும், எவ்வளவு ஆழம் வரை எடுப்பார்கள் என்பதும் மீட்டரில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் இந்த இரண்டும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.