மூன்று உயிர்

கேள்வி: என் தமக்கையின் மகன் அறிவியல்நகர் பொறியியற்பீடத்தில் படித்து முடித்தவன். கொழும்பில் கிடைத்த வேலைக்குப் போகாமல், கூட்டாளிகள் மூன்று பேருடன் கிளிநொச்சியில் வாடகைக்கு வீடெடுத்து, சமூக நன்மைக்கான கேம்கள் செய்யும் ஸ்டூடியோ என்று தொடங்கியிருக்கிறான். முதல் கேம் மிதிவெடி அகற்றுவது பற்றியதாம். ஆடுகிறவர் ஒவ்வொரு வெடியாகக் கிளப்பி எடுக்கவேண்டும். எடுக்க எடுக்கப் புள்ளி. ஆடுகிறவருக்கு மூன்று உயிர், ஒரு தடவை வெடித்துச் செத்தாலும் எழும்பித் தொடரலாம். எங்கள் சொந்தக்காரர்கள் கால் இழந்த மண்ணில் இது விளையாடுகிற விசயமா? நிறுத்தச் சொல்லலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பரந்தன்

பதில்: ஐயா, நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தக் கேமை இப்போது இருக்கிறபடி வெளியிடவும் விடாதீர்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது விழவேண்டிய இடம்தான் வேறு.

'இது விளையாடுகிற விசயமா' என்ற கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. நாப்லஸ் நகரைச் சேர்ந்த ரஷீத் அபுஈதே என்ற பாலஸ்தீனர், 2014 காசாப் போரை வைத்து, குண்டுவீச்சுக்குள் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடும் ஒரு தகப்பனின் கதையைச் சின்னக் கேமாகச் செய்தார். 2016இல் ஆப்பிள் நிறுவனம் அதை 'கேம்' என்ற பிரிவில் சேர்க்க மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டது. நீங்கள் எங்கள் இறந்தவர்களை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள், தெரியும். என்றாலும் 'உன் துயரம் விளையாட்டுக்கு ஆகாது' என்ற சொல் முதலில் யாருடைய வாயை அடைக்கிறது என்று பாருங்கள். துவக்கு தூக்கிச் சுடுகிற கேம்கள் எங்கள் பிள்ளைகளின் போனில் பகலிரவாக ஓடுகின்றன. அவற்றைப் பார்த்து இது விளையாடுகிற விசயமா என்று நாம் யாரும் கேட்கவில்லை.

போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' போர்க் கேம்தான். ஆனால் அதில் நீங்கள் போராளியும் அல்ல, படைவீரனும் அல்ல. பொஸ்னியப் போரில் நடந்த சரயேவோ முற்றுகையை நினைவில் வைத்து எழுதப்பட்ட ஒரு நகரத்தில், உடைந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் சில சாதாரண சனத்தின் பாடு உங்கள் கையில். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. இரவில் மருந்தும் சாப்பாடும் தேடிப் போகவேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள், அவர்களிடம் சாப்பாடு இருக்கிறது. எடுத்தால் உங்கள் ஆட்கள் இன்றைக்குப் பிழைப்பார்கள். ஆனால் எடுத்தவன் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக் குந்திவிடுவான், அடுத்த நாள் வேலைக்கு எழும்பமாட்டான். அந்தக் கேம் உபதேசம் செய்வதில்லை, கையில் ஒரு முடிவைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. 2020இல் அதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு அறிவித்தது. பங்கருக்குள் ஒரு பேணி அரிசியை எத்தனை பேருக்குப் பிரிப்பது என்று 2009இல் கணக்குப் பார்த்த வன்னிச் சனத்துக்கு இந்தக் கேமை யாரும் விளக்கவேண்டியதில்லை.

துயரம் மட்டும்தான் பேசவேண்டும் என்றும் இல்லை. கனடாவின் ரொறன்ரோவில் ஒரு சின்னக் குழு 2023இல் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி இட்லி அவிப்பதும், பிரியாணிக்குத் தம் போடுவதும், மகன் தமிழை விட்டு விலகிப் போவதைப் பார்த்திருப்பதும்தான் கேம். 2024இல் முதற்படைப்புக்கான பிரித்தானியாவின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. ஆகவே மருமகனின் தொழிலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள்.

இனி அவன் விட்ட பிழைக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் அவனிடம் கேட்கவேண்டும்.

2010இல், மீள்குடியேறி வந்த புதிதில், ஒரு பாடசாலை மரத்தடியில் மிதிவெடி விழிப்புணர்வு நாடகம் பார்த்தேன். நல்ல நாடகம். மட்டையால் செய்து பச்சை பூசிய ஒரு வெடியைத் தரையில் வைத்து, அதைத் தொட்ட பையனுக்கு என்ன நடந்தது என்று நடித்துக் காட்டினார்கள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். நாடகம் முடிந்து கைதட்டல் அடங்க முன்னம், முன்வரிசையில் இருந்த சின்னவன் ஒருவன் ஓடிப்போய் அந்த மட்டை வெடியைத் தூக்கிப் பார்த்தான். தாயாக நடித்த பிள்ளை அவனைப் பிடித்திழுத்து அப்படியே அழுதுவிட்டாள். சொன்னது அத்தனையும் அவன் காதில் விழுந்திருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்குப் போனது.

விளையாட்டு கையைப் பழக்கும் ஐயா. கிளித்தட்டில் எப்போது கோட்டைத் தாண்டவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று உங்களுக்கு யாரும் புத்தகம் வைத்துப் படிப்பிக்கவில்லை, கால் தானாகப் பழகியது. அதனால் ஒரு கேம் என்ன நன்மை செய்கிறது என்பதை அதன் முகப்பில் எழுதிய வாசகத்தில் தேடக்கூடாது, எதற்குப் புள்ளி கொடுக்கிறது என்பதில்தான் தேடவேண்டும். வெடியை நோக்கிப் போகிற கைக்குப் புள்ளி கொடுக்கிற கேம், மேலே என்ன எழுதியிருந்தாலும், வெடியை நோக்கிப் போகத்தான் பழக்கும். கிட்டப் போகாதே, தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்று பாடசாலைகளில் படிப்பித்ததற்கு இது நேர் எதிர். மூன்று உயிர் என்பது அதைவிடப் பெரிய பொய்.

அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தார் கம்போடியச் சிறுவர்களுக்காக ஒரு கேம் செய்தார்கள். அதில் பிள்ளை ஒரு செல்லப்பிராணியோடு உணவு தேடி நடக்கிறது. ஆபத்தின் அடையாளங்களைக் கவனித்து விலகிப் போனால்தான் வெற்றி. உங்கள் மருமகன் தொடங்கவேண்டிய இடம் அதுதான். ஆனால் அதோடு நிற்கவும் கூடாது. ஏனென்றால் எங்கள் ஊரில் வெடி பட்டவர்கள் எல்லாரும் தெரியாமல் போனவர்கள் அல்லர். சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டும் விறகுக்குப் போனார்கள். இரும்புக்காரன் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்டு வந்தபோது பழைய இரும்பு பொறுக்கப் போனார்கள். வளவைத் துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைத்தபோது மண்ணுக்குள் கிடந்தது வெடித்தது. அறிவு இருந்தது, அடுப்பு எரியவேண்டியும் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பத்து வயதுப் பெடியனை நிறுத்தி, 'வீட்டில் அரிசி இல்லை, பற்றைக்குள் இரும்பு தெரிகிறது, பலகையும் தெரிகிறது, என்ன செய்வாய்?' என்று கேட்கிற கேமை இந்த மண்ணில் வளர்ந்த ஒருவனால் மட்டுமே செய்ய முடியும். அதை அவன் செய்தால் நான் இந்தப் பக்கத்திலேயே அதைப் பற்றி எழுதுவேன்.

வெடி அகற்றுகிறவர்களைப் பற்றித்தான் செய்வேன் என்று நின்றால், அது பெரியவர்களுக்கான வேறு கேமாக இருக்கட்டும். முகமாலைப் பக்கம் அந்த வேலையில் இருப்பவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவனைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். கனத்த அங்கியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழங்காலில் நின்று, சாண் சாணாக மண்ணை விலக்குகிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில்தான் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் நிலம் முழுவதும் துப்புரவாகவேண்டும். அந்தக் கெடுவின் பாரம் அந்தப் பெண்களின் முழங்காலில் இருக்கிறது. முதலில் அவர்களோடு ஒரு மாதம் போய் இருந்து பேசச் சொல்லுங்கள். கணினிக்கு முன்னால் குந்துவது பிறகு.

காசு விசயம் சுருக்கமாக. நிதி தருகிற நிறுவனத்தை மட்டும் நம்பி இறங்கினால், மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றி, பதாகை கட்டி, படம் பிடித்து முடிந்த கையோடு அந்த கேமின் ஆயுளும் முடிந்துவிடும். அப்படி முடிந்தவற்றை நான் கண்டிருக்கிறேன். கிழமையில் மூன்று நாள் கூட்டுறவுச் சங்கத்துக்கோ கடைக்கோ கணக்கு மென்பொருள் எழுதி வீட்டு வாடகையைக் கட்டட்டும், மிச்ச நாளில் கேமைச் செய்யட்டும். கருவிக்குச் செலவில்லை, கோடோ என்ற இலவச மென்பொருள் போதும். 2023இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் தமிழ் எழுத்து ஒழுங்காக விழுகிறது. அதற்கு முன்னம் கொம்பும் எழுத்தும் இடம் மாறி 'கொக்கு' என்று எழுதவே சீரழிய வேண்டியிருந்தது. கூகிள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒரு தடவை 25 டொலர். இணையம் இல்லாமல், மலிவான போனில் ஓடவேண்டும். ஒட்டுசுட்டானில் பாடசாலை போகிற பிள்ளை டேட்டா போட்டு விளையாடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பேச்சு எங்கள் பேச்சாக இருக்கட்டும். மொழிபெயர்த்த தமிழைக் கேட்டால் பிள்ளை இரண்டாம் நிமிடமே மூடிவிடும்.

கொழும்பு வேலை பற்றி ஒன்று. ஒரு வருசம் தவணை கொடுங்கள். அந்த வேலை பிறகும் வரும். இந்தப் பெடியங்கள் நாலு பேரும் கலைந்துபோனால் திரும்பச் சேர்வது கஷ்டம்.

நீங்கள் படிப்பித்தவர். அவனுடைய கேமை முதலில் ஆடிப் பார்க்க உங்களைவிடத் தகுந்த ஆள் இல்லை. திருத்திச் செய்ததைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றின் கையில் போனைக் கொடுத்து, நீங்கள் திரையைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையின் விரலைப் பாருங்கள். பலகையைக் கண்டதும் அது எங்கே போகிறது என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.