அந்தரா ஊசியை ஒரு தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள்

தங்கச்சி, குடியாத்தம் பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியான அந்தராவைப் போட்டவர்கள் இரண்டாவது ஊசிக்கு வருவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் வேலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்தான்.

ஊசிக்கு முன்னால் என்ன பேசினீர்கள்? தீட்டு முன்னே பின்னே வரும், சொட்டுச் சொட்டாகப் படும், சிலருக்கு நின்றே போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மாமியார் ‘கெட்ட ரத்தம் உள்ளே தங்கிடுச்சு’ என்பார், அதோடு முடிந்தது கதை. இப்படி மூன்று பேரைக் கோட்டை விட்ட பிறகுதான் எனக்கே புத்தி வந்தது.

பீடி சுற்றும் வீட்டுக்குப் போனால் பதிவேட்டை எடுக்காதீர்கள். முறத்துக்கு எதிரே தரையில் உட்காருங்கள். கை இலையில் ஓடும்போதுதான் வாய் திறக்கும்.

மூன்று மாதக் கணக்கில் இரண்டு வாரம் முன்னதாகவும், நான்கு வாரம் தாமதமாகவும் போடலாம். தேதி தவறியவரைத் திட்டி அனுப்பாதீர்கள். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது (நம் ஊரில் கை தானாகப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்). கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். சீக்கிரமே குழந்தை வேண்டும் என்பவருக்கு சாயா என்ற கருத்தடை மாத்திரையைச் சொல்லுங்கள்.

ரத்தப்போக்கு அதிகமென்றால் நீங்களே சமாதானம் சொல்லாமல் மருத்துவ அலுவலரிடம் அனுப்புங்கள். அப்புறம், அவரிடம் கேட்டு ஒரு வாரம் தாலுகா மருத்துவமனைப் பிரசவ வார்டில், ஆலோசனை சொல்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.