ரவுண்டானாவில் யார் யாருக்கு வழிவிட வேண்டும், ஏன்?

ரவுண்டானா என்பது, பல சாலைகள் கூடும் இடத்தில் நடுவே வட்டத் திட்டு ஒன்றை அமைத்து, எல்லா வண்டிகளையும் ஒரே திசையில் சுற்றிச் செல்ல வைக்கும் சந்திப்பு. அதன் உயிர்நாடி ஒரே விதிதான்: ஏற்கெனவே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, நுழைய வருபவர் வழிவிட வேண்டும். பிரிட்டன் 1966இல் இதை நாடு முழுவதற்கும் பொது விதியாக்கியது.

லிஃப்ட் கதவு திறந்ததும் வெளியே நிற்பவர்கள் முண்டியடித்து ஏறினால், உள்ளே இருப்பவர்கள் இறங்க வழியின்றி இரு தரப்பும் சிக்கிக்கொள்ளும் அல்லவா? அதுபோலவே, நுழைபவருக்கு முன்னுரிமை தந்தால் வட்டம் நிரம்பி, வெளியேற வேண்டிய வண்டியும் நகர முடியாமல் நின்றுவிடும். விதியைக் கடைப்பிடித்தால் கிடைக்கும் பலனோ பெரிது: சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் உரசக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே.

இடப்புறம் வண்டி ஓட்டும் நாடுகளில், நுழையுமுன் வலப்பக்கம் பார்க்க வேண்டும்; நாம் வெளியேறும் சாலைக்கு முந்தைய சாலையைக் கடந்தவுடன் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட வேண்டும். (பெரும்பாலோர் மறப்பது இதைத்தான், காத்திருப்பவர் பாவம், ஊகித்துக்கொண்டே நிற்கிறார்.)

நுழைவாயிலில் கட்டாயம் நின்றே ஆக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே போதிய இடைவெளி இருந்தால், வேகத்தைக் குறைத்து நிற்காமலேயே நுழையலாம்.